சீலிங்கைப் பார்க்காதே, அக்கா

"மறுபடியும் பின்னால சாயறே அக்கா. குண்டு மேல போகல, நீதான் கீழ வர்றே."

"வாயை மூடிட்டு எண்ணுடி."

"எண்ணறதுக்கு நீ ஒண்ணாவது ஒழுங்காத் தூக்கணுமே!"

ஜிம்மில் பயிற்சி தரும் தங்கை சிரித்தாள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தோள் பிசகியதிலிருந்து மேஸ்திரி அவளுக்குச் சுவர்களை மட்டும் கொடுத்தார். சீலிங் வேலையெல்லாம் வேறு ஆளுக்குப் போனது. கெட்டில்பெல் என்னும் இந்தக் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைத் தலைக்குமேல் நிறுத்திவிட்டால் ரோலர் கம்பு எம்மாத்திரம் என்று அவள் அடம்பிடித்தாள்.

"கோளாறு எங்கன்னு புரிஞ்சுபோச்சு. கை மேல போனா உன் கண்ணும் சீலிங்குக்குப் போயிடுது. தொழில் பழக்கம்! அதான் முதுகு வளையுது. ஒரு முட்டியைத் தரையில ஊன்றித் தூக்கு. சாயணும்னு நினைச்சாலும் சாய முடியாது."

அக்கா முட்டியை ஊன்றினாள். மணிக்கட்டை வளையாமல் நிறுத்தி, குண்டை முன்கையில் சாய்த்து, வயிற்றை இறுக்கினாள். பார்வையை எதிர்ச்சுவரில் ஆணியடித்தாற்போல் வைத்தாள். குண்டு பாதி வழியில் முரண்டு பிடித்தது. அவளும் விடவில்லை. அது காதோரமாக ஏறி, மேலே அசையாமல் நின்றது.

"அடி சக்கை! இப்போ எழுந்து நின்னு தூக்கு."

நின்றபடி தூக்கியபோதும் முதுகு வளையவில்லை. குண்டை இறக்கிய கையோடு அக்கா போனை எடுத்தாள்.

"மேஸ்திரி, நாளைக்கு அந்தப் பெரிய ஹால் சீலிங்கை எனக்கே கொடுங்க."