கண்டக்டர் தைத்த மாஸ்க்

"காலு ரெண்டும் விலகுது பாரு. கட்டைவிரலைச் சேத்துக் கட்டணும். ஒரு துணி எடு ஆத்தா" என்றாள் அத்தை பிச்சையம்மாள்.

ரம்யா அப்பாவின் பாதங்களைச் சேர்த்துப் பிடித்தபடி அங்கும் இங்கும் பார்த்தாள். அத்தை காத்திருக்கவில்லை. தையல் மிஷின் மேல் கிடந்த நாடாக் கத்தையிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். மாஸ்க்கில் வைத்துத் தைக்க அப்பா நேற்றுத்தான் வெட்டி வைத்த வெள்ளை நாடா. ரம்யா அதை வாங்கி இரண்டு விரல்களையும் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குச் செய்த வேலைதான். கை தானாகச் செய்தது.

காலை ஆறு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் அப்பா மூக்கன். ஆறேகாலுக்கு முடிந்துவிட்டது. தன் கை ஓய்ந்துபோகும்வரை ரம்யா அவர் மார்பை அழுத்தினாள். 108 வந்து பார்த்துவிட்டு வெறுமனே திரும்பியது. ஊரடங்கு நேரம். தெருவில் ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். "காய்ச்சல் எதுவும் இருந்துச்சாம்மா?" என்று இரண்டு பேர் தூரத்திலிருந்தே கேட்டார்கள். "இல்லைங்க, மாரடைப்புதான்" என்றாள். நர்ஸ் சொன்னதால் நம்பினார்கள்.

மூக்கன் கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டர். ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கொரோனா வந்துவிட்டது. ஆஸ்பத்திரிகளிலேயே மாஸ்க் தட்டுப்பாடு என்று டிவியில் சொன்ன அன்று, "எம் மக அங்கதானே நிக்கிறா" என்று எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் வேட்டிகளை எடுத்து வந்தார். மனைவி அழகம்மாளின் மிஷினில் அதுவரை அவர் உட்கார்ந்ததே கிடையாது. ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. மடிப்பு ஒரு பக்கம் மூன்று விழுந்தால் மறுபக்கம் இரண்டுதான் விழும். தையலோ, பள்ளத்துக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகும் பஸ்ஸைப் போல வளைந்து போகும். முதல் வாரத்திலேயே வேட்டி தீர்ந்துவிட, எதற்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்த தன் காக்கிச் சட்டைகளையும் வெட்டிவிட்டார். எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி, இஸ்திரி போட்டு, மூட்டையாகக் கட்டி, திங்கட்கிழமைதோறும் ரம்யாவின் ஸ்கூட்டி முன்னால் வைத்து அனுப்புவார்.

முதல் மூட்டையை அவள் டூட்டி ரூமில் வைத்துப் பிரித்தாள். கூட வேலை பார்க்கும் வைஷ்ணவி ஒரு காக்கி மாஸ்க்கை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன சிஸ்டர் இது, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தச்சதா? ஒரு பக்கம் ஏறுது, ஒரு பக்கம் எறங்குது. யாரு குடுத்தா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரம்யாவும் சிரித்தாள்.

"யாரோ ஒரு கண்டக்டராம். கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த மருதாயி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அன்று அந்த மூட்டை டிரஸ் மாற்றும் ரூமில் பீரோவுக்குப் பின்னால் போனது. அடுத்தடுத்து வந்தவையும் அங்கேதான் போயின. வெளியே மரத்தடியில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் முந்தானையாலும் துண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் தினமும் கடந்து போனாள். எடுத்துக் கொடுத்தால், யார் தைத்தது என்று கேட்பார்களே.

வீட்டில் அப்பா கேட்டார்.

"யாரு யாரு போட்டாங்க?"

"பெரிய டாக்டரே கேட்டு வாங்கிப் போட்டாருப்பா."

அன்று மதியம் சாப்பிட்டதும் படுக்கப் போகாமல் அவர் நேராக மிஷினில் போய் உட்கார்ந்தார்.

துக்க வீட்டுக்குப் பத்து மணி வாக்கில் மருதாயி வந்தாள். டூட்டிக்கு நடுவே அனுமதி கேட்டு, பஸ் இல்லாததால் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்திருந்தாள். தலைமாட்டில் நின்று கும்பிட்டாள். அழகம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில இருந்தா வாரீங்க? பாருங்க, ஒங்களுக்கெல்லாம் தச்ச கையி. டாக்டருங்கள்லாம் போட்டாங்களாமே? புள்ள வந்து சொல்லும். சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருப்பாரு."

மருதாயி ரம்யாவைப் பார்த்தாள். ரம்யா அப்பாவின் வேட்டி ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி இழுத்தாள்.

"ஆமாங்கம்மா" என்றாள் மருதாயி. "எல்லாரும் போட்டாங்க. நல்லா இருந்துச்சுன்னாங்க."

அழகம்மாள் அப்பாவின் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா, கேட்டீங்களா" என்று குரலெடுத்து அழுதாள். ரம்யாவால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மருதாயி பின்னாலேயே வந்தாள்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்றாள் ரம்யா.

"வேற என்னத்தச் சொல்ல?" மருதாயி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சிஸ்டர், இன்னைக்குச் சொல்லக் கூடாதுதான். சொல்லாமப் போனா எனக்கு ஆறாது. போன மாசம் ஒரு நா நீங்க சாப்பாட்டை மறந்துட்டு வந்தீங்கள்ல?"

"ஆமா. வாசல்ல குடுத்துட்டுப் போனாருன்னு நீங்கதான் கொண்டாந்து தந்தீங்க."

"வாசல்ல இல்ல. நீங்க வார்டுல இருந்தீங்க. ரம்யா சிஸ்டரோட அப்பா, கண்டக்டரா இருந்தேன்னாரு. அதுவரைக்கும் எனக்கு யாரோ ஒரு..." மருதாயி நிறுத்திக்கொண்டாள். "உள்ள வச்சுட்டுப் போங்கன்னு ரூமைக் காட்டிட்டேன். பீரோவுக்குப் பின்னால மூட்டை கெடக்குற நெனப்பே இல்ல எனக்கு."

"பாத்தாரா?" என்றாள் ரம்யா.

"பாத்தாரு. ஒரு மூட்டையப் பிரிச்சு, ஒண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. 'தையல் கோணலாத்தான் போயிருக்கு'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. பழையபடியே கட்டி, இருந்த எடத்துலயே வச்சாரு. நான் உள்ள வந்தத புள்ளகிட்டச் சொல்லிராதீங்க, சங்கடப்படும்னாரு. சாப்பாட்டை எங் கையில குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு."

ரம்யா நினைத்துப் பார்த்தாள். போன மாதத்திலிருந்துதான் அவர், யார் யார் போட்டார்கள் என்று கேட்பதை விட்டிருந்தார். கேட்கவில்லையே என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் மிஷினை விடவில்லை. தைத்ததைப் பிரிப்பார், மறுபடி தைப்பார். "ஒரு மாஸ்க்கை எத்தனை வாட்டிதான் பிரிப்பீங்க?" என்று அம்மாகூடச் சலித்துக்கொண்டாள். திங்கட்கிழமை மூட்டையும் நிற்கவில்லை. போன திங்களன்று வண்டியில் வைத்துவிட்டு, "பாத்துப் போ ஆத்தா" என்று மட்டும் சொன்னார். அதையும் அவள் பீரோவுக்குப் பின்னால்தான் தள்ளினாள். பிரித்துப் பார்க்கவில்லை.

"ரம்யா! அங்கிட்டு என்ன பண்ற? வா, தூக்கப் போறாங்க" என்று அத்தை கூப்பிட்டாள்.

இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது, எல்லாரும் மாஸ்க் போட வேண்டும் என்று ஊராட்சியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். மிஷின் பக்கத்தில் அப்பா தைத்து முடித்து வைத்திருந்த மாஸ்க்குகளைப் பிச்சையம்மாள் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தாள். பாடை தூக்க நின்ற சித்தப்பா மகன் கோபிநாத்தின் முகத்தை ரம்யா பார்த்தாள். அந்தப் பக்கம் மூன்று மடிப்பு, இந்தப் பக்கம் மூன்று மடிப்பு. தையல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிருந்தது. அடுத்தவர் முகத்திலும் அப்படித்தான். அவள் மட்டும் ஆஸ்பத்திரியில் கொடுத்த நீல மாஸ்க்கில் நின்றாள்.

மேளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் சங்கு மட்டும் ஊதினார்கள். வாய்க்கரிசி போடப் பெண்களைக் கூப்பிட்டார்கள். வரிசையில் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு பையன் சானிடைசர் ஊற்றிக்கொண்டே வந்தான். அழகம்மாளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் போட வைத்தார்கள். அடுத்து ரம்யா.

"மாஸ்க்கை எறக்கிட்டுப் போடு ஆத்தா" என்றாள் பிச்சையம்மாள். "ஒம் மொகத்தைக் கடைசியா அப்பா பாக்கட்டும்."

ரம்யா இறக்கவில்லை. மூக்குக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி விட்டுக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிப் புள்ளையில்ல. அப்பனே ஆனாலும் சட்டத்தை மீறாது" என்று யாரோ தள்ளி நின்று மெச்சினார்கள்.

அவள் குனிந்து அரிசியை அள்ளி அவர் வாயருகே கொண்டு போனாள். ஈரக் கை. பாதி அரிசி விழுந்தது. மீதி விரலோடு ஒட்டிக்கொண்டது. உதறக் கூடாது என்று தெரியும். ஒவ்வொன்றாகத் தள்ளிவிடப் பார்த்தாள். பின்னால் வரிசை காத்திருந்தது.