படிகார நீரால் எழுதிய பெயர்

நகரி மலையின் மூக்குமுகட்டில் இளங்கதிர் பட்டுச் சிவக்க, அடிவார வயல்கள் பனி சுமந்து கிடக்க, விசைத்தறிகள் இன்னும் இரையத் தொடங்காத விடியற்பொழுதில், செங்கம்மா தன் துணிக்கொட்டிலின் கதவைத் திறந்தாள். அம்மலையையே ஆறு திங்களாகப் பத்து முழத் துணியில் மூங்கில் எழுதுகோலால் தீட்டியவள் அவள். மறுநாள் திருப்பதிக் கண்காட்சிக்கு அது போயாக வேண்டும். பிறர் பெயர் ஏறாமல், தன் படைப்பாகவே அது அங்கே தொங்க வேண்டும் என்பது அவள் உயிராசை. ஆயினும் தமிழில் பெயர் எழுதினால் அங்கே யார் படிப்பார் என நாணிக் கீழ்மூலையை வெறுமையாக விட்டிருந்தாள்.

அம்மூலையின் மேல் குனிந்திருந்தான் உடன் தீட்டும் தெலுங்கன் சிட்டிபாபு. அவளைக் கண்டதும் எழுதுகோலை முதுகுக்குப் பின் மறைத்தான்.

"இன்னாப்பா பண்ணிக்கினு கீற?"

"ஒண்ணுமில்லக்கா, ஈரம் காஞ்சிச்சான்னு பாத்தேன்."

ஈரம் பார்க்க எழுதுகோல் எதற்காம்! அறிவுடையீர், படிகார நீரால் எழுதியது கண்ணுக்குத் தோன்றாது. சாயவேரோடு கொதிக்கையிலேதான் செந்நிறமாய் வெளிப்படும். சென்ற ஆண்டு ஒருத்தியின் துணி வேறொருவன் பெயரோடு தொங்கியதை அவள் கண்ணாரக் கண்டிருந்தாள். எட்டு நாளாக இவன் ஒரு பலகையை ஒளித்து ஒளித்து வைத்ததும் நினைவில் உறுத்தியது. 'பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தேனே! தன் பெயரை எழுதிவிட்டானே!' என்று உள்ளம் கொதித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? விறகு கொண்டுவர அவனை அனுப்பிவிட்டு, துணியைக் குசத்தலை ஆற்றுக்குக் கொண்டோடி, மூலையை மட்டும் நீரில் அமிழ்த்திக் கசக்கித் தேய்த்தாள்.

நண்பகலில் கொப்பரை கொதித்தது. மலை சிவந்து எழுந்தது. மூலையிலோ, அவள் கைப்பிடியுள் நீர்புகாது தப்பிய இடத்தில், 'செங்' என இரண்டு தமிழ் எழுத்துகள் சிவந்தன. எஞ்சியவை வெளிறிய கறையாய்க் கிடந்தன.

"எம் பேரா எழுதுன?"

"நீதான் வெக்கப்பட்டியே அக்கா. பலகையில எழுதி எழுதித் தமிழ் எழுத்து கத்துக்கினேன். சொன்னா வேணாம்னுவன்னுதான் சொல்லல."

"பாவி, நான் கழுவிட்டனே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மீண்டும் எழுதி, காயவைத்து, கொதிக்கவிட நாள் இல்லை.

திருப்பதியில் அத்துணியின் முன் நின்றோர், அவ்வெழுத்துகள் எவை எனக் கேட்டனர். "எம் பேரு. மீதிய நாந்தான் கழுவிட்டேன்," என்றாள் ஒவ்வொருவரிடமும். அதைக் கேட்டுச் சிரித்துப் போயினர் பலர். என்ன எழுதினாய் என வாய்திறந்து ஒருமுறை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக் கூடிய ஐயத்துக்கு, கேட்டவர்க்கெல்லாம் விடை சொல்லி நின்றாள் அவள்.