தெரியாது என்று சொன்னவள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். ஊசி குத்தியதே தெரியாது என்பார்கள். அன்று காலை வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்த லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் மட்டும் இரண்டு முறை நரம்பு தப்பியது. இருபத்திரண்டு வருஷம் கழித்து அவனைப் பார்த்தால் கை எப்படி நிற்கும்?

"விரலை மடக்கிக்குங்க" என்றாள் மெதுவாக.

அவன் தலையைத் திருப்பினான். "இந்தப் பக்கம் சொல்லுங்க. இடது காது அன்னைக்கே போயிடுச்சு."

எந்த நாள் என்று கேட்க வேண்டியதில்லை. அப்போது அவன் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தான். அவள் வரவேற்பில் இருந்தாள். ஒரு வருஷம் உயிருக்கு உயிராகப் பழகினார்கள். விஷயம் அரைகுறையாக அவள் அண்ணனுக்கு எட்டியது. சென்டர் வாசலில், எல்லோர் முன்னாலும், "இவனுக்கும் உனக்கும் என்ன?" என்று அவர் அவளைக் கேட்டார்.

"எனக்கு எதுவும் தெரியாது. அவர்தான் பின்னாலயே வர்றார்."

அவனுக்கு அடி விழுந்தது. வேலையும் போனது. அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவளுக்கு வேறிடத்தில் கல்யாணமாகி, கணவன் இறந்து, ஆறு வருஷமாக அண்ணன் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ரிப்போர்ட் வாங்க வந்தவன், பிறகு ரிப்போர்ட் இல்லாமலும் வந்தான்.

"மன்னிச்சிடுங்கன்னு கேட்கக்கூட எனக்கு வாய் வரலை" என்றாள் ஒருநாள்.

"என்கிட்ட எதுக்கு? உங்க அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லு. அப்புறம் கல்யாணம் பண்ணிக்கலாம்."

அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவனோடு கல்யாணம் என்று பேச்சை எடுத்ததுமே முகம் மாறியது. "அந்தப் பொறுக்கியா? அவன்கிட்டருந்து உன்னைக் காப்பாத்தினவன் நான். என் உசுரு இருக்கிறவரைக்கும் நடக்காது."

"அவர் பின்னால வரலைண்ணா. ரெண்டு பேரும்தான் விரும்பினோம். உங்களுக்குப் பயந்து பொய் சொன்னேன். நீங்க அடிச்சதுல அவருக்கு ஒரு காது கேட்கலை."

திட்டுவார் என்று நின்றாள். அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இத்தனை வருஷம் நல்லது பண்ணினதாத்தானே நெனச்சிட்டிருந்தேன்." அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை.

பதிவாளர் அலுவலகத்துக்கு அண்ணி மட்டும் வந்தாள். "கோபமில்லம்மா. மாப்பிள்ளை மூஞ்சியில முழிக்க உங்க அண்ணன் வெட்கப்படுறார். நேத்திலேருந்து சாப்பிடலை."

கையெழுத்துப் போட்ட பேனாவை வைக்கும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. அவள் சொன்ன ஒரு பொய் இரண்டு பேரைத் தின்றிருக்கிறது.

"வா, பார்த்துட்டு வரலாம்" என்றான் அவன்.

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "மச்சான், எழுந்திருங்க. எனக்கும் பசிக்குது. சேர்ந்து சாப்பிடலாம்."

அண்ணன் எழுந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அறை வாசலிலேயே நின்றாள். அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பும்வரை அவளும் அங்கிருந்து நகர்வதாக இல்லை.