கடைசி வசனம்

ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் பட்டறையில் அவரை எல்லோரும் 'இடைவேளை' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் படமானாலும் பாதியில் விளக்கு எரிந்ததுமே தீர்ப்பைச் சொல்லிவிடுவார். மறுநாள் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டே பட்டறைக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுவார்.

"நூறு பேரைப் புரட்டி எடுக்கிறான், சட்டையில ஒரு சுருக்கம் இல்ல. நான் இந்தக் கம்ப்ரஸரை ஒருதரம் தூக்கி வச்சா இடுப்பு பிடிச்சுக்குது." பேய்ப் படத்துக்குப் போனால் அந்த வெள்ளை உடுப்பை யார் துவைத்துப் போடுகிறார்கள் என்பதுதான் அவர் கவலை. துப்பறியும் படத்தில் கொலைகாரன் யார் என்று சத்தமாகச் சொல்லி, முன் வரிசைக்காரனிடம் அடி வாங்காத குறையாகத் திரும்பியிருக்கிறார். சிரிப்புப் படத்துக்கு மட்டும் மரியாதை உண்டு. சிரிப்பு வந்தால் வந்ததுதான், அதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்பார்.

அழுகைப் படம் என்றால் ஆகவே ஆகாது. அவர் மனைவிக்கோ அதுதான் உயிர். சீருடை தைக்கும் கடையில் நாள் முழுக்கப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அழுவதற்கென்றே இரண்டு கைக்குட்டையோடு கிளம்புவாள்.

"சாகப்போறவளுக்கு இவ்வளவு மூச்சு எங்கேருந்து வருது?" என்று அவள் காதில் கிசுகிசுப்பார்.

"வாயை மூடுங்க. அவ பேசி முடிக்கட்டும்" என்று அவர் தொடையைக் கிள்ளுவாள்.

அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. மாத்திரைக்கு அடங்கிய வலி பிறகு அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் பட்டறைக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தார். ஒரு காலை அவள் வெந்நீர் கேட்டாள். அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"லிப்ட்ல கூட்டமா இருக்கும். படியில போங்க" என்றாள்.

படியில்தான் போனார், படியில்தான் ஏறி வந்தார். வந்தபோது நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் வேறு ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தம்மா அழக்கூட இல்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, "கடைசியா என்ன சொன்னா மாப்ள?" என்று கேட்டார்.

அவர் உள்ளதைச் சொன்னார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை."

மாமியார் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும். சாப்பாடு, உடம்பு எல்லாம் விசாரித்துவிட்டு, "நல்லா யோசிச்சுப் பாருங்க மாப்ள, வேற ஏதாவது சொல்லியிருப்பா. என்னைப் பத்தி ஒரு வார்த்தை..." என்று இழுப்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கு மரத்துப்போயிற்று. லிப்டில் போய்ச் சீக்கிரம் திரும்பியிருந்தால் அந்த வேறு ஏதோ கிடைத்திருக்குமோ என்ற எண்ணம் மட்டும், பல்லில் மாட்டிய நார் மாதிரி, எடுக்க எடுக்க வரவில்லை.

ஒரு சனிக்கிழமை கால்கள் தானாகத் தியேட்டருக்குப் போயின. ஓடிக்கொண்டிருந்தது அழுகைப் படம். இடைவேளைக்கு அப்புறம் கதாநாயகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் நனைந்த மழையைப் பற்றிப் பேசினாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அடுத்த பிறவியிலும் நீங்களே வேண்டும் என்றாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பின் வரிசையில் ஒருவன், "செத்தாலும் பேச்சை நிறுத்த மாட்டா போலிருக்கே" என்றான். அந்த வரிசையே சிரித்தது.

அவர் எழுந்து திரும்பினார்.

"தம்பி, கொஞ்சம் சும்மா இருங்கப்பா. அவ பேசட்டும்."

கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனான்.

மறுநாளும் அதே படத்துக்குப் போனார். அதற்கடுத்த நாளும். வசனம் மனப்பாடமாகிவிட்டது. அன்று சாயங்காலம் போன் வந்தபோது, கேள்வி வருவதற்கு முன்பே முந்திக்கொண்டார்.

"அத்தை, ஞாபகம் வந்துடுச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. அம்மாவைத் தனியா விட்டுடாதீங்க, பெத்த கடனை என்னாலதான் தீர்க்க முடியல, நீங்க அவங்களுக்கு மகனா இருங்கன்னு..."

சொல்லச் சொல்ல அவருக்கே குரல் உடைந்தது. ஒரு கணம், நிஜமாகவே அவள் அப்படிச் சொன்ன மாதிரி இருந்தது.

போன் துண்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"என் பொண்ணு அப்படிப் பேச மாட்டா மாப்ள" என்றார் மாமியார். குரலில் கோபம் இல்லை. "அவ பேச்சு எனக்குத் தெரியாதா? பெத்த கடனாம்..."

"அத்தை..."

"இனிமே கேக்க மாட்டேன். உங்களைப் போட்டு வதைச்சுட்டேன்."

மாமியார் சொன்ன சொல் தவறவில்லை. அதற்கப்புறம் கேட்கவே இல்லை. போனும் குறைந்து, பிறகு நின்றேபோயிற்று. தினமும் அரித்துக்கொண்டிருந்த அந்தக் கேள்வி இல்லாமல் சாயங்காலங்கள் பாழடைந்து கிடந்தன. அவள் இன்னும் ஏதோ சொல்லியிருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயையும் தானே அடைத்துவிட்டதாக அவருக்குப் பட்டது. படத்துக்குப் போவதை விட்டார். புதுப்படம் வந்தால் பட்டறையில் அவர் காதுபட அதைப் பற்றிப் பேசுவதை மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமுடியாமல் அவரே போன் போட்டார். மாமியார் எடுத்தார்.

"சாப்பிட்டீங்களா மாப்ள?"

"இல்ல அத்தை. நீங்க?"

"இல்ல."

போனை யாரும் வைக்கவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைக்கவும் இல்லை.