ஏழாவது குழியின் பங்கர்

துர்க்கா நினைவுரையின் அந்த வரியை மூன்றாவது தடவையாக வெட்டினாள். வெட்டிய கையோடு அதற்கு மேலேயே மறுபடியும் எழுதினாள். கடதாசி கிழிகிற நிலைக்கு வந்துவிட்டது.

பியூனரல் ஹோமின் பக்க அறையில் அவளும் அம்மா கமலாம்பிகையும் சிவபாதம் மாமாவும் இருந்தார்கள். கதவுக்கு அப்பால், பெரிய மண்டபத்தில், அப்பா ஜெயரட்ணம் நீலக் கோட்டோடு பெட்டியில் படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி போனவர். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்ற கதை வெள்ளிக்கிழமைக்குள் ஸ்காபரோவைச் சுற்றி முடித்து மிசிசாகாவுக்குப் போய்விட்டது. கடைசிப் பார்வைக்கு வந்த சனத்தைப் பார்த்தால் மொன்றியலில் ஒரு தமிழரும் மிச்சமில்லைப் போலிருந்தது. கோப்பி மெஷின் இரண்டு தடவை மயங்கி விழுந்து எழும்பியது.

மாமா எட்டிக் கடதாசியைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கொப்பர் பங்கர் வெட்டினதைப் போய்ப் பெருமையாய் எழுதியிருக்கிறாய்? சண்டை நேரம் ஊரிலை பங்கர் வெட்டாதவன் ஆர்? நான் எங்கடை வளவுக்கை ஏழடி வெட்டினனான்."

"மாமா, இது கொல்ஃப் பங்கர்."

"கொல்ஃப் விளையாடுறவனுக்கு என்னத்துக்குப் பங்கர்? அவனுக்கு ஆர் குண்டு போடுறது?"

"ஒளியிறதுக்கு இல்லை மாமா. மணல் போட்ட பள்ளம். பந்து விழுந்தா லேசிலை எடுக்கேலாது."

"அப்ப ஏன் வெட்டுறாங்கள்? மூடிவிடலாமே."

கமலாம்பிகை நிமிரவில்லை. "அதை விடு துர்க்கா. செத்தவீட்டிலை பொய் சொல்லக்கூடாது."

அதைப் பொய்யாக்கியவளே துர்க்காதான்.

அப்பா இருபத்தாறு வருடம் வேலை செய்த கொல்ஃப் மைதானம் பிக்கரிங்குக்கும் கிழக்கே, ஏரிக்கரையில் இருக்கிறது. நூறு வயது தாண்டியது. ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர், தன் ஊர்க் கடற்கரை மணல்மேடுகளை மனதில் வைத்துக்கொண்டு அமைத்தாராம். அந்த வகைக்கு 'லிங்க்ஸ்' என்று பெயர். "ஏரியைக் கடல் எண்டு நினைச்சுப்போட்டான், பாவம்," என்பார் அப்பா. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. காற்றுத்தான் அங்கே மரம், வேலி, காவல்காரன் எல்லாம். காலையில் கிழக்கே அடித்த பந்து மாலையில் மேற்கே இறங்கும் என்றும், ஒருதரின் பந்து ஏரிக்கு அக்கரையில் நயாகராவில் கிடந்து எடுத்தது என்றும் அப்பா சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றிலும் பொல்லாதது ஏழாவது குழி. நின்று அடிக்கிற இடத்திலிருந்து குழியில் நட்ட கொடி தெரியாது. நடுவில் ஒரு மேடு மறைக்கும். அதைத் தாண்டிப் பந்து போனால் அடித்தவன் கையைத் தூக்கிச் சந்தோசப்படுவான். மேட்டுக்கு அப்பால், சரியாக அந்தச் சந்தோசம் போய் விழுகிற இடத்தில், பங்கர் இருக்கும்.

"மோசமா அடிக்கிறவன் அந்த இடத்துக்கு வரவேமாட்டான். அது கெட்டிக்காரனுக்கெண்டு வச்சது," என்பார் அப்பா. கடைசியில், குரலைத் தாழ்த்தி, "அது நான் வெட்டினது. தனிய. பதினொரு அடி."

எட்டு வருடத்துக்கு முன், விருந்தாளிகள் இருந்த சாப்பாட்டு மேசையில், துர்க்கா கைபேசியை எடுத்து அந்தக் கிளப்பின் இணையப் பக்கத்தை உரக்க வாசித்தாள். பங்கர்கள் எல்லாம் 1913இல் வெட்டப்பட்டவை, இன்றுவரை கைவைக்கப்படாதவை. மேசை சிரித்தது. அப்பா கைபேசியை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார்.

"வடிவா எழுதியிருக்கிறாங்கள்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோற்றைக் குழைத்தார். அதற்குப் பிறகு அவள் முன்னால் மைதானக் கதை வரவே இல்லை. ஏதும் கேட்டால், "புல்லு வெட்டினம், வேறென்ன," என்பார்.

இன்றைக்கு அவளுக்கு அது உண்மையாக இருக்கவேண்டும். பேச இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நடைபாதையில் அப்பாவின் படங்களைப் பார்த்தபடி ஒரு நெடிய வெள்ளைக்காரர் நின்றார். முகம் வெயிலில் வெந்து சிவந்திருந்தது. கட்டிப் பழக்கமில்லாத கழுத்துப்பட்டி. மைதானத்துப் புல்லுக்கெல்லாம் பொறுப்பாளர் அன்ட்ரூ, அப்பாவின் மேலாளர். படத்தில் பார்த்திருக்கிறாள்.

"நீங்கள்தானே துர்க்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஹெலிகொப்டர் டொக்டர்."

"என்ன?"

"ஜெய் சொல்லாத நாளில்லை. ஏரி உறைந்த குளிர்காலத்தில் நீங்கள் கயிற்றில் இறங்கி, பனிக்கட்டியில் வைத்தே ஒரு மீன்பிடிகாரருக்குச் சத்திரசிகிச்சை செய்தது. போன மாதமும் புதிதாக வந்த பெடியளை உட்கார்த்தி வைத்துச் சொன்னார்."

துர்க்கா மிசிசாகாவில் ஒரு பல் வைத்தியரிடம் ரெலிபோன் எடுக்கிற வேலை செய்கிறாள். உயரம் என்றால் ஏணி ஏறவும் மாட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த கதவு வழியே அப்பாவின் மூக்கு நுனி மட்டும் தெரிந்தது.

"ஓம், நான்தான்," என்றாள், அவசரத்தில் தமிழிலேயே தொடங்கி. பிறகு ஆங்கிலத்தில், "அன்றைக்குக் காற்றும் கொஞ்சம் அதிகம்."

அன்ட்ரூ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணோரம் சுருங்கியது.

"ஏழாவது குழியில் ஒரு பங்கர் இருக்கிறதே," துர்க்கா கேட்டாள். "அதை வெட்டியது யார்?"

அவர் கழுத்துப்பட்டியைத் தடவினார். தரையைப் பார்த்தார்.

"உங்கள் அப்பா," என்றார். "தனியாக."

"எவ்வளவு ஆழம்?"

"அவர் எவ்வளவு சொன்னார்?"

"பதினொரு அடி."

"அப்போ பதினொன்றுதான்."

அவள் கடதாசியோடு மண்டபத்துக்குள் போனாள்.

துர்க்கா மைக்கின் முன் நின்றாள். அப்பா பிறந்தது, படித்தது, கனடா வந்தது எல்லாம் சுகமாக வந்தன. அந்த வரி வந்ததும் கடதாசியை மடித்தாள்.

"அப்பா ஒரு பங்கர் வெட்டினவர். தனிய. பதினொரு அடி."

மண்டபத்தில் ஆம்பிளையள் பக்கம் அசைந்தது.

"பதினொண்டோ?" என்றது பின்வரிசை. "தண்ணி ஊறியிருக்குமே!"

"எங்கடை பக்கம் ஆறடியிலை ஊறிப்போடும்."

"நான் ஏழு வெட்டினனான்," என்றார் சிவபாதம் மாமா, எல்லோருக்கும் கேட்கிற இரகசியத்தில்.

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து, அப்படியே வரிசை வரிசையாகப் பரவியது. ஒரு சொல்லும் விளங்காத அன்ட்ரூவும் சிரித்தார். துர்க்கா மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அம்மா தலை குனிந்தே இருந்தாள். அவள் நிமிர்ந்து எழும்பி வெளியே போய்விடுவாள் என்று துர்க்கா காத்திருந்தாள்.

சிரிப்பு அடங்கியது.

"ஏணி வச்சுத்தான் இறங்கினவர்," என்றாள் கமலாம்பிகை, குனிந்த தலையோடேயே. "அதையும் சொல்லு."

ஏணிக் கதையைத் துர்க்கா இன்றுவரை கேட்டதில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினை படி, அம்மா?"

கமலாம்பிகை மடியில் கிடந்த வலது கையைத் திருப்பினாள். பெருவிரலால் சின்ன விரலின் கணுவைத் தொட்டு, உதடு அசைய, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.