குடும்பங்களுக்கு மட்டும்

தண்ணீர்ப் பூங்காவின் வாசலில் "குடும்பங்களுக்கு மட்டும்" என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். என் மகள் ருசுலின் கையைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழேதான் நின்றேன். காவலாளி எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"வீட்டம்மா எங்கே?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"பொம்பளை இல்லாம விடமாட்டோம் அண்ணே. போன வாரம் சில பசங்க அக்கா பிள்ளையைத் தூக்கிட்டு வந்து, குடும்பம்னு சொல்லி உள்ளே பூந்துட்டானுங்க. அன்னையிலேருந்து இந்தச் சட்டம்."

"என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க."

இவள் அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னால் போதும். பஸ்ராவில் எந்தக் காவலாளியும் அதற்குமேல் வழி மறிக்கமாட்டான். ஆனால் பக்கத்தில் ருசுல் நின்றாள். அவளுக்கு அது தெரியாது.

ஷஹ்லா குளிர்காலத்தில் இறந்தாள். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துபோன நாட்களில் ருசுலை என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். அம்மா ஸ்வீடனில் இருக்கும் சித்தியைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னதும் அக்காதான். தலையாட்டினேன். அப்போது யார் எது சொன்னாலும் தலையாட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பது மாதிரி வேலைக்குப் போகிறேன், வருகிறேன். தினமும் சாப்பிடும்போது ருசுல் கேட்பாள், "அம்மா போன் பண்ணாங்களா, பாபா?" என்று. நீ தூங்கின பிறகு பண்ணினாள் என்பேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு ரொட்டியைப் பிய்த்து என் தட்டில் வைப்பாள்.

முதல் வகுப்பு பாஸானால் தண்ணீர்ப் பூங்கா என்று ஷஹ்லா சொல்லியிருந்தாள். ருசுல் பாஸாகிவிட்டாள், அதனால் வந்தோம்.

"விடுப்பா அவனை! அவன் என் தம்பி!"

பின்னாலிருந்து குரல் வந்தது. கறுப்பு அபாயாவில் பெருத்த ஒரு பெண், ஒரு தள்ளுவண்டி, சுற்றிலும் பிள்ளைகள். மூத்தவன் பெயர் கஸ்வான், அதனால் அவள் உம் கஸ்வான், அதாவது கஸ்வானின் அம்மா என்று பிறகு தெரிந்தது. அதற்குமுன் அவளை நான் பார்த்ததே இல்லை.

"தம்பின்னா பேரைச் சொல்லு, பார்ப்போம்" என்றான் காவலாளி.

"வீட்டுல கழுதைன்னுதான் கூப்பிடுவோம். நிஜப் பேரு மறந்துபோச்சு. வழியை விடு, வெயில் கொல்லுது."

வரிசையே சிரித்தது. காவலாளியும் சிரித்துக்கொண்டே எங்கள் எல்லார் கையிலும் ஒரே நிறப் பட்டையைக் கட்டினான். வெளிச்சாப்பாடு கூடாது என்று தள்ளுவண்டியைக் கிளறினான். குழந்தைத் துணிகளுக்கு அடியில் இருந்த, இலையில் சோறு சுருட்டிய தோல்மா சட்டி அவன் கையில் தட்டுப்பட்டும் விட்டுவிட்டான் என்றே நினைக்கிறேன்.

உள்ளே அடுத்த சட்டம். நீச்சல் உடை இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் நான் போக முடியாது, ஆண்கள் அறைக்குள் பெண்பிள்ளையை விடமாட்டார்கள்.

"என் மருமகளை நான் பார்த்துக்கறேன், விடு" என்று உம் கஸ்வான் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

ருசுலின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். பலகைத் தடுப்புதான், மேல்பக்கம் திறந்திருந்தது. பேச்சு நன்றாகக் கேட்டது.

"முடியை இறுக்கிக் கட்டணும்டி, இல்லாட்டி விசில் ஊதுவானுங்க. என்ன சிக்கு இது! உங்கம்மா எங்கே?"

"அம்மா இறந்துட்டாங்க."

தடுப்பை ஒட்டி நகர்ந்து நின்றேன்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. யாராவது செத்தா எழுதிக் கட்டுவாங்களே, அந்தக் கறுப்புத் துணி எங்க தெருமுனையில கட்டியிருக்காங்க. அதுல ருசுலோட அம்மான்னு போட்டிருக்கு. என் பேரை எனக்கு வாசிக்கத் தெரியும்."

அந்தத் துணியைக் கட்டியவன் நான். இறந்த பெண்ணின் பெயரை எங்கள் தெருவில் எழுதமாட்டோம், பிள்ளையின் பெயரைத்தான் எழுதுவோம். ருசுல் முதன்முதலில் எழுதப் படித்ததே அந்தப் பெயரைத்தான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"பாபாகிட்டச் சொல்லிடாதீங்க அத்தை" என்றாள். "அவருக்குத் தெரியாது. அம்மா ஸ்வீடன் போயிருக்காங்கன்னு நினைச்சிட்டிருக்கார். தினமும் போன் வருதுன்னு வேற சொல்றார், பாவம்."

அதன்பிறகு உள்ளே சீப்பு இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

ருசுல் இறுக்கிப் பின்னிய சடையோடு மஞ்சள் உடையில் வெளியே வந்தாள். பின்னால் வந்த உம் கஸ்வான் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தாள்.

"நேத்து அம்மா போன் பண்ணாங்களா, பாபா?"

அவள் எனக்காகத்தான் கேட்கிறாள். இத்தனை நாளும் எனக்காகத்தான் கேட்டிருக்கிறாள். ஈரத் தரையில் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"இல்லைம்மா, பண்ணலை. அம்மா இறந்துட்டா. எனக்கும் தெரியும், ருசுல்."

அவள் பெரிதாக மூச்சு விட்டாள். "எப்படிச் சொல்றதுன்னே தெரியலை, பாபா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது.

குளக்கரையிலிருந்து காவல்காரன் விசில் ஊதினான். நடைபாதையில் உட்காரக் கூடாதாம். உம் கஸ்வான் எங்களை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊதாதேடா" என்றாள். "என் தம்பி உட்கார்ந்திருக்கான்."