நூற்றேழு கோடி கிலோ தெங்கிரி

கெலாங் பாத்தாவில் மின்தராசு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், தராசுக்குள் ஓடும் புரோகிராமை சி மொழியில் எழுதுபவள் ஷாமளா. முதலாளி ரூபேந்திரனும் ஒரு காலத்தில் புரோகிராம் எழுதியவர்தான். அதை யாரும் மறந்துவிட அவர் விடுவதில்லை.

மெர்சிங்கில் ஒரு வியாபாரியிடம் தராசைக் காட்டப் போவதற்கு முந்தின நாள், ஷாமளா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவர் அவளுடைய கணினி முன் உட்கார்ந்தார். எடையைப் பெரிய எழுத்தில் காட்ட இரண்டு வரி சேர்த்தார். எடை இருக்கும் இடத்தைச் சுட்டும் பாயிண்டரின் வகை பொருந்தவில்லை என்று, புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர் எச்சரித்தது. 'இதுதான் வகை' என்று அடித்துச் சொல்லும் ஒரு காஸ்ட் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டு எழுந்து போனார்.

மெர்சிங் படகுத்துறையில், மொத்த மீன் வியாபாரி ஐயாசாமி ஒரு தெங்கிரி மீனைத் தராசில் வைத்தார். திரையில் 1077936128 கிலோ என்று வந்தது.

ஐயாசாமி இலக்கங்களை விரல் வைத்து எண்ணினார். "நூத்தியேழு கோடி கிலோ. இத நான் ஒத்தக் கையில தூக்கிட்டு வந்தேன்."

"உப்புக் காத்து பாஸ். மெஷினுக்கு ஒத்துக்கல," என்றார் ரூபேந்திரன்.

ஷாமளா மீன்பெட்டி மேல் மடிக்கணினியைத் திறந்தாள். தான் எழுதாத இரண்டு வரிகளைக் கண்டாள்.

"மெமரியில எடை புள்ளி வச்ச எண்ணாச் சரியாத்தான் இருக்கு அங்கிள். அத முழு எண்ணுன்னு படிக்கச் சொல்லியிருக்கு. பெட்டிக்குள்ள நண்டு இருக்கு, மேல கோழின்னு லேபல் ஒட்டின மாதிரி."

"யாரு ஒட்டுனது?" என்றார் ஐயாசாமி.

ரூபேந்திரன் கடலில் போன ஒரு படகை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாமளா காஸ்ட்டை எடுத்துவிட்டு, வகையைத் திருத்தித் தராசில் ஏற்றினாள். திரையில் மூன்று கிலோ என்று வந்தது. அடுத்தடுத்து மீன்கள் ஏறின. நாற்பத்தோராவது மீனில் தராசு அசையாமல் நின்றுவிட்டது.

ரூபேந்திரன் படகை விட்டுத் திரும்பினார். "இது யாரு வேல லா?"

ஷாமளா மறுபடியும் புரோகிராமைப் பார்த்தாள். காது சூடானது.

"ஒவ்வொரு மீனுக்கும் மெமரியில புதுசா எடம் கேட்டு வாங்கியிருக்கு. ஒண்ணையும் திருப்பிக் குடுக்கல. எடம் தீந்துபோச்சு." பிறகு மெதுவாக, "அது நான் எழுதுனது," என்றாள்.

"என் கூடைய எடுத்துட்டுப் போறவங்களும் அப்படித்தான்மா," என்றார் ஐயாசாமி.

இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் 'ஃப்ரீ' என்ற வரி விடுபட்டிருந்தது; அதை அவள் சேர்த்தாள். அதன் பிறகு இருநூறு மீன் நிறுத்தும் தராசு நிற்கவில்லை. ஐயாசாமி இரண்டு தராசு வேண்டும் என்றார்.

திரும்பும் வழியெல்லாம் ரூபேந்திரன் உற்சாகமாக வண்டி ஓட்டினார். "ஃப்ரீ போட மறந்துட்டியே," என்று மூன்றாம் முறை அவர் சொன்னபோது, நாளையிலிருந்து தன் கணினிக்குப் பாஸ்வர்ட் போடப்போவதாக ஷாமளா சொன்னாள்.